அரிசி போன ஊரும் மிளகாய் வந்த வழியும்



போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்த ஸ்பானிய விருந்தின் படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். "டீச்சர், தஞ்சாவூர்ல உட்கார்ந்துகிட்டு ஸ்பெயின் சாப்பாடா?" என்று சிலர் சிரித்தீர்கள். கும்பகோணத்தில் மெஸ் வைத்திருக்கும் ஒரு மாணவர், "நானும் ஒரு நாள் எங்க கடையில இந்த மாதிரி வைக்கலாம்னு இருக்கேன், நாலு வரி எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். உறவிலே ஒரு பெரியவர், "நம்ம சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல்? அந்நியச் சாப்பாட்டை எதுக்குக் கொல்லையிலே அடுப்பு மூட்டிச் செய்யணும்?" என்று கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லத் தொண்டை ஒத்துழைக்காது. வகுப்பு எடுத்த பழக்கம், எழுதினால் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா பேரன் இரண்டு வருடம் ஸ்பெயினில் வலென்சியா என்னும் ஊரில் வேலை பார்த்தான். விடுமுறைக்கு வந்தவன், "சின்னப் பாட்டி, அந்த ஊர்க்காரங்க ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சாப்பிடுவாங்கன்னு உங்களுக்குச் செஞ்சு காட்டறேன்" என்றான். செய்தது ஐந்து அயிட்டம். கஸ்பாச்சோ என்னும் குளிர்ந்த தக்காளிச் சாறு. தோர்த்தியா என்னும் உருளைக்கிழங்கு முட்டை அடை. பயேயா என்னும் அரிசிச் சாப்பாடு. சுர்ரோஸ் என்னும் பொரித்த மாவுப் பலகாரம், அதைத் தொட்டுக்கொள்ளச் சூடான சாக்லெட் குழம்பு. குடிக்க, ஒயினுக்குப் பதிலாக நம்ம பானகத்திலேயே ஆரஞ்சும் ஆப்பிளும் நறுக்கிப் போட்டுவிட்டோம். சாப்பிட்டவர்கள் இருபத்திரண்டு பேர்.

"அந்நியச் சாப்பாடு" என்ற வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன்.

அன்றைக்குக் காலையில் கடைத்தெருவில் வாங்கிய சாமான்களைப் பாருங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, குடைமிளகாய், மிளகாய்த் தூள், பீன்ஸ், பூண்டு, வெங்காயம், கோழி, முட்டை, அரிசி. ஆலிவ் எண்ணெயும் ஒரு சிட்டிகை குங்குமப்பூவும் தவிர மற்றதெல்லாம் நம் வீட்டில் தினமும் புழங்குகிற சரக்கு. அப்படியானால் அந்நியம் எது? தக்காளியா, அதைக் குளிர வைத்துக் குடிப்பதா?

ஆறாம் வகுப்பில், ஏழாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு கொலம்பஸ் நினைவிருக்கும். 1492-இல் ஸ்பெயின் அரசியின் ஆதரவோடு மேற்கே கப்பல் விட்டவர். அவர் தேடிப் போனது இந்தியாவை. இந்தியா என்றால் அன்றைய ஐரோப்பாவுக்கு முதலில் நினைவுக்கு வந்தது மிளகு. அவர் போய்ச் சேர்ந்த தீவுகளில் மிளகு இல்லை. ஆனால் நாக்கைச் சுடுகிற ஒரு காய் இருந்தது. மிளகைத் தேடி வந்தவர்கள் அதற்கும் மிளகின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஸ்பானிய மொழியில் மிளகு பிமியெந்தா, மிளகாய் பிமியெந்தோ. கடைசி எழுத்துதான் மாறுகிறது.

இப்போது நம் மொழிக்கு வாருங்கள். மிளகு போலக் காரமாக இருக்கும் காய், மிளகாய். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் செய்ததையே, அவனைத் தெரியாமல், இந்தப் பக்கம் நம் முன்னோரும் செய்திருக்கிறார்கள். புதிதாக வந்த பொருளுக்குத் தெரிந்த பொருளின் பெயரைக் கொடுத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது மனித இயல்பு. வரலாற்றுக்குக் கல்வெட்டு மட்டும் சான்று இல்லை, காய்கறிக் கூடையும் சான்று என்று வகுப்பில் சொல்வேன். மிளகாய் என்ற ஒரு சொல் போதும்.

மிளகாய் நேராக ஸ்பெயினிலிருந்து நம் ஊருக்கு வரவில்லை. 1494-இல் தோர்தெசியாஸ் என்ற ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஓர் ஒப்பந்தம் போட்டு, கடலில் கோடு கிழித்து, மேற்கே உனக்கு, கிழக்கே எனக்கு என்று பிரித்துக்கொண்டன. அந்தக் கணக்கில் இந்தியப் பக்கம் போர்ச்சுகலுக்கு. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். அடுத்த நூறு ஆண்டுக்குள் மிளகாய், முந்திரி, அன்னாசி, கொய்யா, பப்பாளி என்று அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் போர்த்துகீசியக் கப்பல் வழியாக நம் கரைகளில் இறங்கின. அன்னாசி, பப்பாளி என்ற பெயர்களும் கூடவே இறங்கியவைதான். சப்போட்டா என்ற பெயர் இன்னும் தூரத்துப் பயணி. மெக்சிகோவின் பழங்குடி மொழியில் பிறந்து, ஸ்பானிய வாயில் புகுந்து, நம் பழவண்டிக்காரர் வாய்க்கு வந்திருக்கிறது.

இன்னொரு பெயரும் உண்டு. கடலூர், விழுப்புரம் பக்கத்து மாணவர்கள் வேர்க்கடலையை மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்பார்கள். மணிலா எங்கே இருக்கிறது? பிலிப்பைன்ஸில். பிலிப்பைன்ஸ் என்ற பெயர் யாருடையது? ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புடையது. 1571-இல் ஸ்பானியர் மணிலாவைத் தலைநகரமாக்கினார்கள். 1565 முதல் 1815 வரை 250 ஆண்டுகள் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையே கப்பல் ஓடியது. போகும்போது வெள்ளி, வரும்போது பட்டும் துணியும். அந்தத் துணிகளில் நம் சோழமண்டலக் கரைத் துணியும் இருந்தது. வேர்க்கடலை தென் அமெரிக்காவில் பிறந்தது. அதற்கு மணிலாவின் பெயர் நம் கிராமத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அந்தக் கடல்வழியின் தடம் நம் களத்துமேடு வரை வந்திருக்கிறது என்று அர்த்தம்.

நம் டெல்டாவோடு இன்னும் நெருங்கிய ஒரு செய்தி உண்டு. நாகப்பட்டினத்தில் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் குடியிருப்பு இருந்தது. 1580-இல் போர்ச்சுகல் அரசுக்கு நேர் வாரிசு இல்லாமல் போகவே, ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் அந்த முடியையும் சூடிக்கொண்டார். 1640 வரை 60 ஆண்டுகள் இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. தஞ்சாவூரில் அச்சுதப்ப நாயக்கரும் ரகுநாத நாயக்கரும் ஆண்ட காலம் அது. அதாவது அந்த 60 ஆண்டுகள், நம்ம நாகப்பட்டினத்துப் போர்த்துகீசியர் அத்தனை பேருக்கும் ராஜா, ஸ்பெயின் நாட்டு ராஜா. 1620-இல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்தார். 1658-இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். நம் கடற்கரையில் ஐரோப்பியர் வந்து போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன சொற்களில்தான் இன்றைக்கும் வீட்டில் புழங்குகிறோம். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாம் போர்த்துகீசியச் சொற்கள். மேசைக்கு ஸ்பானியத்திலும் மேசா என்றுதான் பெயர் என்று பேரன் சொன்னான்.

அரண்மனையும் அந்நியச் சமையலை ஒதுக்கவில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகள் "சரபேந்திர பாகசாஸ்திரம்" என்ற பெயரில் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. மராட்டியச் சமையலோடு ஐரோப்பிய முறைச் சமையலும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஐரோப்பியச் சமையலை வரவழைத்து ருசி பார்த்த முதல் தஞ்சாவூர்க்காரி நான் இல்லை!

ஆனால் உறவுக்காரப் பெரியவர் கேட்ட கேள்வியிலும் நியாயம் உண்டு. நம்முடையது என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் திதிச் சமையலைப் பாருங்கள். எங்கள் எதிர்வீட்டு மாமி வீட்டுத் தெவசத்தன்று அடுப்படியில் மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி கிடையாது. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட் கிடையாது. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், புடலங்காய், பிரண்டை, இஞ்சி, பயத்தம்பருப்பு, எள் இவைதான். பழைய கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் இதே கட்டுப்பாடு. இது ஏன் என்று கேட்டால் "வழக்கம்" என்பார்கள். வரலாறு படித்தவர்களுக்கு விளங்கும். முன்னோர்களுக்குப் படைக்கும்போது முன்னோர்கள் சாப்பிட்டதைத்தானே படைக்க வேண்டும்? தாத்தாவின் தாத்தாவுக்குத் தாத்தாவிடம் போய்த் தக்காளி ரசத்தை நீட்டினால், "இது என்னம்மா?" என்றுதான் கேட்பார். கப்பல்கள் வருவதற்கு முந்தைய நம் காய்கறித் தோட்டம், திதி இலையில் பத்திரமாக இருக்கிறது. ஒரு நாள் அது. மற்ற 364 நாளும் சிவப்பு மிளகாய்ச் சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். இரண்டும் ஒரே வீட்டு அடுப்பில் நடக்கிறது, யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. நம் மரபு இப்படித்தான் நினைவையும் வைத்துக்கொண்டு, வந்ததையும் சேர்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது.

இதுவரை வந்ததைச் சொன்னேன். இனி போனதைச் சொல்கிறேன்.

ஸ்பெயினின் பெருமையான சாப்பாடு பயேயா. அதற்கு உயிர் அரிசி. ஸ்பெயினில் அரிசி ஏது? 711-இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள் வந்தன. வலென்சியா பகுதி 1238 வரை முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. ஆசியாவின் நெல்லை அங்கே கொண்டுபோய் வயலாக்கியவர்கள் அவர்கள்தான். நெல் மட்டுமா, கரும்பும் ஆரஞ்சும் குங்குமப்பூவும் அவர்கள் கொண்டுபோனவை. சொற்களே சாட்சி. ஸ்பானியத்தில் அரிசிக்கு அர்ரோஸ், சர்க்கரைக்கு அசூகர், குங்குமப்பூவுக்கு அசஃப்ரான், பாசன வாய்க்காலுக்கு அசேக்கியா. நான்கும் அரபுச் சொற்கள். அர்ரோஸ் நம் அரிசியிலிருந்துதான் பிறந்தது என்று மேடையில் அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. அறிஞர்கள் அதில் ஒத்துப்போகவில்லை. அரபு மொழி வழியாக ஸ்பெயினுக்குப் போனது என்பதுவரைதான் உறுதி. அதற்கு மேல் பெருமைப்பட நமக்கு வேறு நிறைய இருக்கிறது.

வலென்சியாவுக்குத் தெற்கே அல்புஃபேரா என்று ஓர் ஏரி. அதைச் சுற்றிலும் நெல் வயல். மே மாதம் நடவு, செப்டம்பரில் அறுவடை. நம் குறுவைக்குக் கொஞ்சம் முன்னால், அவ்வளவுதான். பேரன் போனில் படம் காட்டியபோது என் நாத்தனார், "இது திருவாரூர் போற வழியாட்டம் இருக்கே" என்றார். வரப்பு, வாய்க்கால், மடை, நாரை எல்லாம் அப்படியே.

அந்த ஊர்த் தண்ணீர்க் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு மெய்யாகவே பொறாமை வந்தது. துரியா என்ற ஆற்றிலிருந்து எட்டு வாய்க்கால் பிரிகிறது. எட்டு வாய்க்கால் விவசாயிகளும் தங்களுக்குள் ஆளுக்கொரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் 12 மணிக்கு அந்த எட்டுப் பேரும் வலென்சியாப் பேராலயத்தின் வாசலில், கருப்பு அங்கி போட்டுக்கொண்டு, வட்டமாக உட்காருகிறார்கள். முறை தவறித் தண்ணீர் எடுத்தான், மடையைத் திறந்துவிட்டான், வாய்க்காலைத் தூர்வாரவில்லை என்று யார் மேலாவது புகார் இருந்தால் அங்கேயே விசாரணை. வக்கீல் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு, அன்றைக்கே தீர்ப்பு. ஆயிரம் ஆண்டுப் பழமை என்று அவ்வூர்க்காரர்கள் சொல்கிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ அதை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நமக்கும் இப்படி இருந்ததா? இருந்தது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்ததை விவரமாகச் சொல்கின்றன. நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம், ஊரில் எல்லோருக்கும் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் தண்ணீரை ஊரே நிர்வகித்தது. நம் கல்லணை நின்ற இடத்திலேயே நிற்கிறது. 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். 1934-இல் மேட்டூர் வந்தது. பிறகு தண்ணீர்ப் பேச்சு வாய்க்கால் கரையை விட்டுக் கிளம்பி, எங்கோ போய்விட்டது. 1990-இல் நடுவர் மன்றம், 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 177.25 டி.எம்.சி. அவர்களுடையது ஒரே சமவெளிக்குள் அடங்கிய எட்டு வாய்க்கால், நம்முடையது இரண்டு பெரிய மாநிலங்களின் ஆறு, ஒப்பிடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கடைமடை விவசாயி தன் வழக்கைத் தானே, தன் ஊர்க் கோயில் வாசலில் நின்று பேச முடிந்தால் எப்படி இருக்கும் என்று மனசு நினைக்காமல் இல்லை.

தண்ணீர் இரண்டு ஊருக்கும் வாழ்வும் கொடுத்திருக்கிறது, அடியும் கொடுத்திருக்கிறது. 2018 நவம்பரில் கஜா நம்மை என்ன செய்தது என்று வேதாரண்யத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 29-ஆம் தேதி வலென்சியாப் பகுதியில் பெய்த மழையில் 200 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு ஒருவர் கஷ்டம் மற்றவருக்குச் சொல்லாமலே புரியும்.

இப்போது அந்தச் சட்டிக்கு வருகிறேன்.

பயேயா என்ற சொல்லுக்கே சட்டி என்றுதான் பொருள். அகலமாக, ஆழமில்லாமல், இரண்டு பக்கம் பிடி வைத்த இரும்புச் சட்டி. வயலில் வேலை செய்தவர்கள் நடுப்பகலில் ஆரஞ்சு மரக் குச்சிகளை எரித்து, கிடைத்த கோழி, முயல், நத்தை, பீன்ஸ், அவரை விதையைப் போட்டு வதக்கி, தண்ணீர் ஊற்றி, அரிசியைப் பரப்பிச் சமைத்த சாப்பாடு அது. ராஜா வீட்டுப் பண்டம் இல்லை, களத்துமேட்டுச் சோறு. அரிசி போட்ட பிறகு கிளறக் கூடாது. அடியில் லேசாகப் பிடிக்க வேண்டும். அந்தக் காந்தலுக்கு அங்கே சொக்கராத் என்று பெயர், அதற்குத்தான் போட்டி. நம் வீட்டுப் பானையின் அடியைச் சுரண்டிக் காந்தலுக்குச் சண்டை போட்ட பிள்ளைகள் எல்லோரும் வலென்சியாவுக்குப் போகத் தகுதியானவர்களே! வெந்ததும் சட்டியை நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு மரக்கரண்டியோடு, தன் எதிரே இருக்கும் பங்கை மட்டும் அந்தச் சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார்கள். தட்டு கிடையாது.

பேரன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வீட்டில் ஒருவர் (பெயர் வேண்டாம்) மெதுவாக என் காதில் சொன்னார். "பாத்திரம் கழுவறவங்க, கொல்லையில வேலை செய்யறவங்களுக்கெல்லாம் முன்னாடியே தனியா எடுத்து வெச்சுடலாமே."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பழக்கம். ஆனால் அந்தப் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவர்கள் நாட்டில் வயல்காட்டுச் சோறு ஒரே சட்டியில் வெந்தது, ஒரே சட்டியில் உண்ணப்பட்டது. நம் டெல்டாவில் நெல்லை விளைவித்தவர்களுக்கு அந்த நெல்லில் கிடைத்த பங்கு அளந்து போடும் கூலிப்படி. கஞ்சி ஊற்றினால் அதற்குத் தனி இடம். சத்திரங்கள் கட்டி வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டது நம் ஊரின் பெரிய புண்ணியம், மறுக்கவில்லை. ஒரத்தநாட்டு முத்தம்மாள் சத்திரம் (1802) இன்றும் நிற்கிறது. எல்லாச் சாதியாருக்கும் சோறு போட்டதை சரபோஜி மன்னரே 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். கூடவே, சமைத்ததை உண்ணாதவர்களுக்குச் சமைக்காத அரிசியும் சாமானும் கொடுத்ததையும் சொல்கிறார். பசிக்குச் சோறு உண்டு, பந்தி மட்டும் ஒன்றில்லை.

1922-இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசத்துக்காக வாழ்ந்த மனிதர். அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு என்ற ஒரே விஷயம் 1924, 1925-இல் தமிழ்நாட்டையே உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். ஒரு சாப்பாட்டு வரிசையால் தமிழக அரசியலின் திசையே மாறியது. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அது வேறெங்கோ நடந்ததில்லை, இந்த நெற்களஞ்சியத்துக்குள் நடந்தது. நம் சோற்றின் வரலாற்றை எழுதும்போது அந்த 44 பேரைத் தாண்டிப் போக எனக்குக் கை வராது.

அதே ஊர்களில்தான் நான் வாத்தியாராக இருந்தேன். 1956-இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவு கொண்டுவந்தார். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அதற்கடுத்த சில ஆண்டுகளில் நான் வேலையில் சேர்ந்தேன். மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் வரிசை உட்காரும். முதல் சில ஆண்டுகளில் பிள்ளைகள் தாங்களாகவே தெருவாரியாகப் பிரிந்து உட்காருவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்தது அது. நான் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி உட்கார வைத்தேன். அகர வரிசைக்குத் தெரு தெரியாது அல்லவா? இரண்டு பெற்றோர் வந்து கேட்டார்கள். "சாப்பாட்டு நேரமும் வகுப்புதாங்க" என்று சொல்லி அனுப்பினேன். மாதக்கணக்கில் அல்ல, சில வாரங்களிலேயே பிள்ளைகள் மறந்துபோனார்கள். முட்டையில் மஞ்சள் பிடிக்காதவனும் வெள்ளை பிடிக்காதவளும் பண்டமாற்றுச் செய்துகொண்டதை என் கண்ணால் பார்த்தேன். அப்படி மாற்றிக்கொண்டவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். 2022-இல் காலை உணவும் வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதும் விரிந்தபோது, விழா நடந்தது நம்ம திருக்குவளையில்.

எனவே அன்றைக்கு என் காதில் சொன்னவரிடம், "எடுத்து வைக்க வேண்டாம், எல்லாரும் சட்டியைச் சுற்றித்தான் உட்காரப்போறோம்" என்றேன். எச்சில் பார்க்கிற நம் வழக்கத்துக்காக மரக்கரண்டி முறையை மட்டும் விட்டுவிட்டு, சட்டியிலிருந்து கரண்டியால் வாழையிலையில் பரிமாறினோம். பாத்திரம் தேய்க்கும் அம்மாவும் அவர் மகளும், தேங்காய் பறிக்க வரும் தம்பியும், என் நாத்தனாரும், எதிர்வீட்டு மாமியும் (அவருக்காகக் காய்கறி மட்டும் போட்டுச் சின்னச் சட்டி தனியாக வெந்தது, அது அவர் விரதம், அதை மதிக்க வேண்டும்) ஒரே வட்டத்தில் உட்கார்ந்தார்கள். என் காதில் சொன்னவரும்தான். காந்தலுக்குப் போட்டி வந்தபோது அவரே முதலில் இலையை நீட்டினார்.

இனி, மெஸ் வைத்திருக்கும் மாணவருக்கும், வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

ஸ்பெயின் அரிசி தேடி அலைய வேண்டாம். நாங்கள் போட்டது சீரகச் சம்பா. வாசனையால் கொஞ்சம் பிரியாணி ஞாபகம் வரும், பரவாயில்லை. நம் பாரம்பரிய ரகங்களைக் கிராமம் கிராமமாகத் தேடிச் சேர்த்து, ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ விதை வாங்கினால் அடுத்த ஆண்டு நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்று பரப்பியவர் நெல் ஜெயராமன். 2018-இல் மறைந்தார். அவர் காப்பாற்றித் தந்த ரகங்கள் இருக்கும்போது கடல் தாண்டிய அரிசிக்குக் காசு கொட்டுவானேன்? வலென்சியாக்காரனும் தன் ஊர் அரிசியில்தானே செய்கிறான்? சட்டி பாத்திர வாடகைக் கடையில் கேளுங்கள், அகலமாக, ஆழமில்லாமல் இருந்தால் போதும். அரிசியை மெல்லிசாகப் பரப்புங்கள், கிளறாதீர்கள், அடி பிடிக்கும் வாசனை வந்ததும் இறக்குங்கள். குங்குமப்பூ ஒரு சிட்டிகை போதும், கலர்ப்பொடி வேண்டவே வேண்டாம்.

தோர்த்தியா சுலபம். உருளைக்கிழங்கை மெல்லியதாக நறுக்கி எண்ணெயில் நிதானமாக வேகவைத்து, அடித்த முட்டையில் கலந்து அடை போல வார்த்து, தட்டால் மூடித் திருப்பிப் போடுவது. கஸ்பாச்சோவுக்கு அடுப்பே வேண்டாம். தக்காளி, வெள்ளரிக்காய், பூண்டு, ரொட்டித் துண்டு, வினிகர், ஆலிவ் எண்ணெய் அரைத்துக் குளிரவைத்தால் ஆச்சு. என் நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டு, "தாளிக்க மறந்துட்டான்" என்றார். சித்திரை வெயிலுக்கு நீர்மோரோடு இதையும் வைக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வலென்சியாவுக்கு அருகே புன்யோல் என்ற ஊரில் ஆகஸ்ட் மாதக் கடைசிப் புதன்கிழமை தக்காளியை ஒருவர் மேல் ஒருவர் வீசி விளையாடும் விழா நடக்கும். 2011-இல் ஓர் இந்திப் படத்தில் அதைக் காட்டியதும், நம் நாட்டிலும் அதை நடத்தக் கிளம்பினார்கள். கர்நாடகத்தில் அரசு அனுமதி மறுத்தது. சரியான முடிவு. விலை கிடைக்காமல் தக்காளியைச் சாலையோரம் கொட்டும் விவசாயி உள்ள நாட்டில் அது விளையாட்டாகாது. ஸ்பெயின் பெயரைச் சொல்லி விழா வைப்பவர்கள் சட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், வீச்சை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

மெஸ் மாணவருக்கு இன்னொரு வேண்டுகோள். சுவரில் எருதுச் சண்டைப் படம், சிவப்புத் துணி எல்லாம் மாட்ட வேண்டாம். ஒரு உலக வரைபடம் மாட்டுங்கள். அரிசி போன வழியை ஒரு நிறத்திலும் மிளகாய் வந்த வழியை ஒரு நிறத்திலும் கோடு போடுங்கள். சாப்பிட வரும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே சாப்பிடட்டும். வேலை முடிந்ததும் சமையல்காரர், பரிமாறுபவர், மேசை துடைப்பவர் எல்லோரும் அதே சட்டியில் அதே சோற்றைச் சாப்பிடட்டும். அதுவரை விழா முடிந்ததாகக் கணக்கில்லை.

கடைசியாக, வழக்கம்போல் வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், திதிக்கும் படையலுக்கும் எந்தெந்தக் காய் சேர்க்க மாட்டார்கள், ஏன் என்று கேளுங்கள். கேட்டு, ஊர்ப் பெயரோடு எனக்கு எழுதுங்கள். தெருவுக்குத் தெரு, சாதிக்குச் சாதி பட்டியல் மாறும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தொகுத்து வைக்க ஆசை. கேட்க வேண்டியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. நன்றாக எழுதியவர்களுக்கு அடுத்த சட்டிக் காந்தலில் பங்கு உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்